பீரங்கி வண்டியில் தெரிந்த புறா

என் மாமாவை நிறையப் பேர் போனில் பார்த்திருப்பார்கள். அந்த வீடியோவில் அவர் ஒரு பெரிய மரச்சட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறார். சுற்றி நிற்பவர்கள் கத்துகிறார்கள். கடைசியில் அத்தை ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். மாமா அவளை மறித்து, "பொண்ணு பேச்சு இங்க வேண்டாம்" என்கிறார். அந்தக் கடைசி வரியை யாரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியவள் ஒருத்திதான்.

அந்த வீடியோவை வைத்து அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு, தியாகி என்றவர்களும் உண்டு. இரண்டு தரப்பிலும் ஒருவர்கூட அவரோடு உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்ததில்லை. அவர் என் அம்மாவின் அண்ணன். நானும் அம்மாவும் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறோம். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மாமாவுக்கு டி-ஷர்ட்டில் படம் அச்சடிக்கிற வேலை. வீட்டின் கீழ்த்தளம் முழுக்கக் கடை. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே நீளமான மேஜை, அதைத் தாண்டி மை காயவைக்கிற சூட்டுப்பெட்டி, கடைசியில் கழுவுகிற தொட்டி. எந்த நேரமும் ஈரத் துணியும் மையும் சேர்ந்த வாசனை மாடி வரைக்கும் ஏறி வரும். அன்றைக்கு என்ன வேலை நடந்தது என்று மாமாவின் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். "இன்னைக்கு நீல நகமா, தண்ணிக் கட்சிக்காரங்க வந்தாங்களாக்கும்" என்பாள் அத்தை. தண்ணீர் வரவில்லை என்று ஊர்வலம் போகிறவர்கள் நீலத்தில்தான் அடிக்கச் சொல்வார்கள்.

அவர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. தேர்தலில் எதிரெதிராக நிற்கிற இரண்டு பேருக்கும் ஒரே மேஜையில் அடித்துக் கொடுத்திருக்கிறார். கேட்டால், "கல்யாண வீட்டுக்கும் அடிப்பேன், எழவு வீட்டுக்கும் அடிப்பேன். மை ஒண்ணுதான்" என்பார். ஆனால் படம் போட்ட சட்டை எதையும் அவர் போட மாட்டார். வெறும் வெள்ளைச் சட்டை, அதிலும் முழங்கைக்குக் கீழே மைக்கறை. "சமைக்கறவன் பந்தியில உக்காந்தா பரிமாறறது யாரு?" என்று சிரிப்பார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் இப்படித்தான் ஒரு வரி.

அவருக்கு ஒரே மகள். சின்ன வயசில் யாரையாவது கடித்துவைத்துக்கொண்டே இருந்ததால் வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பேர். என்னைவிட மூத்தவள். எறும்பு படிப்பை முடித்த கையோடு ராணுவத்தில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

அன்றைக்கு நடந்த சண்டை மாடியில் இருந்த எங்களுக்கும் கேட்டது.

"எவன் பெத்த பிள்ளையையோ சுடறதுக்கா உன்ன வளர்த்தேன்?" என்றார் மாமா.

"நீங்க எவன் வந்து கேட்டாலும் அடிச்சுக் குடுப்பீங்க. எல்லாப் பக்கமும் உங்க பக்கம். நான் ஒரு பக்கம் நிக்கறேன், அவ்வளவுதான்."

"நின்னுக்கோ. இந்தப் பக்கம் வராதே."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மாமாவும் அவளும் ஒரு வருஷம் பேசவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கு மாமா, "வெளியூர்ல வேலை" என்று மட்டும் சொன்னார். முதலில் கோபத்தில் சொன்னார். பிறகு அதுவே பழகிவிட்டது. அத்தையும் அதையே சொன்னாள். கடைசியில் தெருவில் யாருக்குமே அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் போனது.

பிறகு எல்லையில் சண்டை வந்தது. அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம், மாமா தொட்டியருகே நின்றிருக்கும்போது, அவருடைய போன் அடித்தது. எறும்பு. இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "குளிரா?" "குளிருது." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு மாமா தண்ணீர்க் குழாயை மூட மறந்து வெகுநேரம் அங்கேயே நின்றார். அது முதல் சனிக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தில் போன் பேச விடுகிற நேரத்தில் அவள் கூப்பிடுவாள். சாயங்காலமானால் மாமா போனை வலது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். ஒரு தடவை எடுக்காமல் விட்டால் அடுத்த தடவை வராமலே போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அவர் அதைச் சொன்னதில்லை. அத்தைதான் அம்மாவிடம் சொன்னாள்.

ஊரில் சட்டைச் சண்டை ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். நகராட்சி நூலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் புறா படம் போட்ட டி-ஷர்ட்டோடு வேலைக்கு வந்தார். எல்லையில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே சமாதானம் பேசுவது கோழைத்தனம் என்று ஒருவர் அவரை வாசலிலேயே நிறுத்தினார். மறுநாள் நூலகத்துக்குப் புறா போட்டவர்கள் பத்துப் பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பீரங்கி வண்டி போட்டவர்கள் இருபது பேர் வந்தார்கள். படிக்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நகராட்சி இடங்களில் புறாச் சட்டையைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு தரப்பும், தடை செய்தால் பீரங்கியையும் சேர்த்துத் தடை செய் என்று இன்னொரு தரப்பும் மனு கொடுத்தன. திங்கட்கிழமை பொதுக்கூட்டம், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று நகராட்சி அறிவித்தது.

இரண்டு தரப்புக்கும் சட்டை வேண்டும். ஊரில் அவ்வளவு சீக்கிரம் அடித்துக் கொடுக்கக்கூடியது மாமா கடைதான்.

புறாவுக்கு வந்தது ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். பக்கத்துத் தெரு. பீரங்கிக்கு வந்தது உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர். ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். மாமா இரண்டையும் வாங்கிக்கொண்டார். அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை.

"ஒரு உறையில ரெண்டு கத்தி வேணாங்க. யாருக்காவது இல்லன்னு சொல்லிடுங்க."

"உறை அவங்க வாங்கிட்டுப் போறாங்க. கத்தி அவங்களோடது. நமக்கென்ன."

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதில் ஒரு மருந்து பூசி, படத்தை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், படம் இருக்கிற இடத்தில் மட்டும் வலை திறந்திருக்கும். மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் மை அந்த வழியாகத் துணியில் இறங்கும். வேலை முடிந்ததும் அதே வலையைக் கழுவி அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மருந்து சுலபமாகப் போய்விடும். மை ஊறிய கறை போகாது. அதற்கென்று ஒரு பசை இருக்கிறது. அதைத் தடவி ஊறவிட்டு, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, பிறகு தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். தேய்க்காமல் விட்டால் பழைய படத்தின் சாயல் வலை நூலிலேயே தங்கிவிடும். அடுத்த படத்தை அடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் மை கொஞ்சம் குறைவாக இறங்கும்.

சனிக்கிழமை புறா வேலை முடிந்தது. பெரிய சட்டம் கடையில் ஒன்றுதான். அதையே பீரங்கிக்கும் எடுக்க வேண்டும். மாமா பசையைத் தடவிவிட்டு பிரஷ்ஷை எடுத்தார். போன் அடித்தது.

அன்றைக்கு எறும்பு வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினாள். வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்றும், அங்கிருந்து எப்போது பேச முடியும் என்று தெரியாது என்றும் சொன்னாள். மாமா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே தண்ணீரைத் திறந்து சட்டத்தைக் கழுவினார். பிரஷ் தொட்டியின் விளிம்பிலேயே காய்ந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பீரங்கி அடித்தார்கள். வண்டியின் உடம்பு முழுக்க அடர்ந்த பச்சை, ஒரே திட்டாக. ஈர மையில் ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த பிறகு மடித்து அடுக்கியதிலும் தெரியவில்லை. ஒல்லியான ஆட்கள் போட்டிருந்தால் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆனால் போட்டது மாஸ்டரின் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் கதவு மாதிரி மார்பு. துணி இழுபட்டு, மை விரிந்து, நகராட்சி மண்டபத்தின் பெரிய விளக்குகளுக்குக் கீழே முன்வரிசையில் அவர்கள் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தபோது, ஒவ்வொரு பீரங்கி வண்டியின் வயிற்றிலும் வெளிறிய ஒரு புறா சிறகை விரித்துக்கொண்டு நின்றது.

முதலில் ஒரு குழந்தைதான் கையை நீட்டிக் காட்டியதாம். பிறகு மண்டபமே சிரித்தது. தலைவர் மேஜையைத் தட்டியும் நிற்கவில்லை. மாஸ்டர் பேசுவதற்காக எழுதி வைத்திருந்ததை எடுக்கவே இல்லை. எழுந்து வெளியே வந்தார். அவர் பின்னால் அத்தனை பேரும் வந்தார்கள். நேராக எங்கள் தெருவுக்கு.

நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். கடைக்குள் பாதிப் பேர், வெளியே மீதிப் பேர். போனை மேலே தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து மாமாவின் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"இது என்னங்க?"

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. "என் தப்புதான்" என்றார். "சட்டத்தை ஒழுங்காக் கழுவாம விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க. எல்லாத்தையும் திரும்ப அடிச்சுத் தர்றேன்."

"கழுவாம விட்டீங்க. சரியா எங்க சட்டையில, சரியாப் புறாவை."

"அதுக்கு முன்னாடி அடிச்சது அதாங்க. முன்னாடி பூனை அடிச்சிருந்தா பூனை வந்திருக்கும்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அது இன்னும் கெடுத்தது. மாமா புரியவைக்க நினைத்தார். உள்ளே போய்ச் சட்டத்தை எடுத்துவந்து தலைக்கு மேல் தூக்கி, விளக்குக்கு நேராகப் பிடித்தார். "பாருங்க, கறை எப்படி நிக்குதுன்னு நீங்களே பாருங்க."

வெளிச்சத்தில் வலைக்குள் புறா, சட்டையில் தெரிந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கண், அலகு, வாயில் கவ்விய இலை வரைக்கும்.

"பாருங்கய்யா, உள்ளேயே வச்சு அடிச்சிருக்கான்" என்று ஒருவன் கத்தினான். அதன் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. உண்மையைக் காட்டினால் போதும் என்று மாமா நினைத்தார். அதைக் காட்டியதுதான் அவருக்கு வினையாகப் போனது.

மாஸ்டர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "என் தம்பி அங்க பனியில நிக்கறான்" என்றார். "அவனுக்காகத்தான் இத போட்டுட்டுப் போனோம். ஊரே எங்களப் பார்த்துச் சிரிச்சுது. உங்க வீட்டுல ஒருத்தர் அங்க இருந்தா உங்களுக்குத் தெரியும்."

ஒரே ஒரு வாக்கியம் போதும். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள் என்றால், அந்தக் கூட்டம் அடுத்த நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டு கலைந்துபோகும். மாமா சட்டத்தைக் கீழே இறக்கினார். வாய் திறக்கவில்லை.

அத்தையால் பொறுக்க முடியவில்லை. "எங்க வீட்டுல இல்லன்னு யார் சொன்னா? எங்க பொண்ணு..."

"பொண்ணு பேச்சு இங்க வேண்டாம்" என்றார் மாமா. அவர் அத்தையிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"வேணும்னுதான் செஞ்சேன்னு அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளுங்க. விட்டுடறோம்" என்றார் மாஸ்டர்.

"செஞ்ச தப்புக்கு எத்தன தடவ வேணாலும் கேக்கறேன். வேணும்னு செய்யல. செய்யாதத எப்படிச் செஞ்சேன்னு சொல்றது?"

அவர்கள் போகும்போது முன்கதவுக் கண்ணாடி உடைந்தது. யார் கல் எறிந்தது என்று தெரியாது. மாஸ்டர் எறியவில்லை. அவர் திரும்பிப் பார்த்து யாரையோ திட்டினதை நான் பார்த்தேன்.

மறுநாள் கண்ணாடித் துண்டுகளை மாமா பெருக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார். கூட நாலைந்து பேர், எல்லோர் மேலும் புறா. டீச்சரின் கண் கலங்கியிருந்தது.

"நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய காரியம்னு உங்களுக்குத் தெரியுமா? அந்தச் சட்டைங்க திரும்பி வந்தா எங்களுக்கே குடுத்துடுங்க. என்ன விலைன்னாலும் வாங்கிக்கறோம். அடுத்த கூட்டத்துல நாங்க அதத்தான் போடப் போறோம்."

"அது அவரோட சட்டைம்மா. நான் கெடுத்த வேலை. அத நான் எப்படி விக்கறது?"

"வேணும்னுதான் செஞ்சேன்னு தைரியமாச் சொல்லுங்க. நாங்க உங்க பின்னாடி நிக்கறோம்."

மாமா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "நேத்து அவங்களும் இதையேதான் சொல்லச் சொன்னாங்க."

டீச்சரின் முகம் சுண்டிவிட்டது. "பயந்துட்டீங்க. தப்பில்ல, எல்லாருக்கும் பயம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துக்காரர்களும் கடைக்கு வரவில்லை. எந்தப் பக்கமும் இல்லாதவர்களும் வரவில்லை. எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார்கள்.

மாமா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சட்டத்தைப் பசை போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். புதிய துணி வாங்கிவந்து பீரங்கியை மறுபடி முதலிலிருந்து அடித்தார். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் இழுத்து விளக்கில் பார்த்துவிட்டே மடித்தார். அவர் எதிர்பார்த்தது சனிக்கிழமையை.

சனிக்கிழமை வந்தது. போன் அடிக்கவில்லை.

இடம் மாறியிருப்பாள் என்று அத்தை சொன்னாள். சொன்னவளே நம்பவில்லை. வீடியோ அதற்குள் எங்கெல்லாமோ போயிருந்தது. செய்தியில் எல்லையைப் பற்றி வரும்போதெல்லாம் அத்தை அதன் சத்தத்தைக் குறைப்பாள், மாமா கூட்டுவார். அடுத்த சனிக்கிழமையும் அடிக்கவில்லை. மாமா சூட்டுப்பெட்டியை நிறுத்திவிட்டு, சத்தமில்லாத கடையில் தொட்டியருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை டீ கொண்டுபோய் வைத்தாள். அது ஆடை படிந்து ஆறிப்போனது. இருட்டத் தொடங்கியபோது அத்தை, "நீங்களாவது கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள். "நம்ம கூப்பிட்டா அங்க போகாது" என்றார். ஆனால் அவர் கூப்பிட்டுப் பார்த்திருந்தார். அது போகவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை காலையில், யாருமே எதிர்பார்க்காத நேரத்தில் அடித்தது. மாமா மைக்கையோடு போனை எடுத்தார். விரல் வழுக்கி ஸ்பீக்கர் பட்டனில் பட்டுவிட்டது. அதனால்தான் நானும் கேட்டேன். அத்தையும் அம்மாவும் கேட்டார்கள்.

"நல்லா இருக்கேன்" என்றாள் எறும்பு முதலில். பிறகு, "வீடியோ பார்த்தேன். இங்க எல்லாரும் பார்த்தாங்க. பீரங்கிக்குள்ள புறான்னு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன், கடைசி வரைக்கும்."

"ம்."

"பொண்ணு பேச்சு இங்க வேண்டாம்னு சொன்னீங்களே, அது வரைக்கும். இன்னும் என்னைச் சொல்லிக்க அவ்வளவு கேவலமா இருக்காப்பா?"

மாமா உட்கார்ந்துவிட்டார். அத்தை போனைப் பிடுங்கப் போனாள். அவர் கையால் தடுத்தார்.

"முதல்ல இருந்துச்சு" என்றார். "பொய் சொல்லல. நீ போனப்ப இருந்துச்சு. இப்ப இல்ல."

"அப்பறம் ஏன் அம்மாவ அடக்கினீங்க?"

"அவங்க நெஞ்சுல ஒரு படத்த மாட்டிட்டு வந்து நின்னாங்கம்மா. அதுக்குப் பதிலா நான் உன்னை எடுத்து மாட்டிக்கணுமா? நீ எனக்குப் பொண்ணு. படம் இல்ல."

அந்தப் பக்கத்தில் காற்று இரைந்தது.

"அன்னிக்கு நீ இடம் மாறப் போறேன்னு சொன்னியே, அப்ப நான் அந்தச் சட்டத்ததான் கழுவிக்கிட்டிருந்தேன்" என்றார் மாமா. "பிரஷ் போட மறந்துட்டேன்."

"அப்ப இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நானா?"

"பின்ன யாரு? நீ சின்னப் பிள்ளையிலயே கடிச்சா தடம் போகாது."

எறும்பு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "யார்கிட்ட வேணா சொல்லுங்கப்பா. சொல்லாம இருக்கறதுதான் எனக்கு வலிக்குது" என்றாள். நேரம் முடிந்துவிட்டது என்று யாரோ பக்கத்தில் சொன்னார்கள். வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானமே மாமா சட்டை மூட்டையை எடுத்துக்கொண்டு உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போனார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் தனியாக இருந்தார். மேலே கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, மூச்சை இழுத்து மார்பை விரித்தார். வெறும் பச்சை. இன்னொரு தடவை விரித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார் மாமா. "தேய்ச்சிருக்கேன்." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, போகிறபோக்கில் சொல்கிறவரைப் போல, "என் பொண்ணும் அங்கதான் இருக்கா. ராணுவத்துல" என்றார்.

மாஸ்டர் கண்ணாடியிலேயே மாமாவைப் பார்த்தார். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்க கதவு உடைஞ்சிருக்காதே."

"அன்னிக்குச் சொன்னா கதவுக்காகச் சொன்னதா ஆயிடுமே."

மறுநாள் ஒரு ஆள் வந்து கதவை அளந்து, புதுக் கண்ணாடி போட்டுவிட்டுப் போனான். யார் அனுப்பியது என்று சொல்ல மறுத்துவிட்டான். மாஸ்டர் அதற்குப் பிறகும் புறாவுக்கு எதிராகத்தான் பேசுகிறார். டீச்சர் இன்னும் மாமாவைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைக்கிறார். அன்றைக்கு முடிவாகாமல் போன கூட்டத்தை நகராட்சி இரண்டு தடவை தள்ளிவைத்துவிட்டது. எது வீரம், எது கோழைத்தனம் என்று அவர்கள் முடிவு செய்யட்டும். எனக்கு அதில் ஒரு கருத்து இருக்கிறது, ஆனால் இது மாமாவைப் பற்றிய கதை.

இப்போது தெருவில் யாராவது கேட்டால், "ராணுவத்துல இருக்கா" என்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எறும்பு எப்போது கூப்பிடுவாள் என்று இப்போது சொல்ல முடியாது. சில வாரம் வருகிறது, சில வாரம் வருவதில்லை. வராத வாரங்களில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. வந்தால், மாமா கையில் சட்டம் இருந்தால், "இரு, தேய்ச்சு முடிச்சிடறேன்" என்று போனைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிடுகிறார். அவளுக்குக் கொடுக்கிற நேரமே கொஞ்சம். அதில் பாதி, பிரஷ் போடுகிற சத்தத்திலேயே போய்விடுகிறது. அத்தை தலையில் அடித்துக்கொள்கிறாள். எறும்பு போனை வைப்பதில்லை. தண்ணீர் நிற்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.